பெங்களூருவைச் சுற்றிக் கூடாரம் அடிக்க இடம் தேடி நான் பட்ட பாடு

விருதுநகரிலிருந்து வேலை மாறிப் பெங்களூருவுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வந்த முதல் ஆண்டில், முருகேஷ்பாளையாவில் ஓர் அறையும் அலுவலகமும் தவிர இந்த ஊரில் எனக்கு வேறெதுவும் இல்லை. சனிக்கிழமை விடிந்தால் திங்கட்கிழமைவரை வாயைத் திறந்து பேச ஆளிருக்காது. அந்த வெறுமையில்தான், வெளிநாட்டவர் சிலர் முதுகுப்பையோடு மலையேறிக் கூடாரம் அடித்துத் தனியாக இரவைக் கழிக்கும் காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான நிலங்களில் பெரும்பாலான இடங்களில் எவரும் 14 நாள்வரை கட்டணமின்றித் தங்கலாம் என்றும், ஸ்வீடனில் அடுத்தவர் நிலத்தில்கூட அவர் வீட்டிலிருந்து தள்ளி ஓரிரவு தங்குவது மரபான உரிமை என்றும் அவற்றின் வழியாகத் தெரிந்துகொண்டேன். இங்கும் அரசு நிலம் இருக்கத்தானே செய்கிறது, ஓரிரவு படுத்து எழுந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் பின்னால் வந்த அத்தனைக்கும் காரணம்.

அந்த நினைப்புக்கு என் ஊரும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. கண்மாய்ப் புறம்போக்கில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது என்றுதான் என் மனத்தில் பதிந்திருந்தது. உண்மையில் அந்தச் சொல், வரி விதிப்புக்கு உட்படாமல் ஒரு பொதுப் பயனுக்காக ஒதுக்கிய நிலத்தைக் குறிக்கிறது. மேய்ச்சல், நீர்நிலை, சுடுகாடு, பாதை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பயனும், அந்தப் பயனை நம்பியிருக்கும் மக்களும் உண்டு. ஊரில் நாங்கள் யாரையும் கேட்காமல் ஆடியதற்குக் காரணம், அந்தக் கண்மாயை நம்பியிருந்தவர்கள் எங்கள் தாத்தாக்களும் மாமாக்களும் என்பதுதான். இது புரிவதற்குப் பெங்களூருவில் எனக்கு மூன்று இரவுகளும் கணிசமான பணமும் செலவாயின.

கூடாரம் 5,400 ரூபாய், உறக்கப்பை 2,900, தரைவிரிப்பு 900, தலைவிளக்கு 700, சிறிய கேஸ் அடுப்பும் உருளையும் 1,700 என்று 11,600 ரூபாய்க்குச் சாமான் வாங்கிக்கொண்டு, ஒரு பிப்ரவரி மாதச் சனிக்கிழமை ராமநகரப் பக்கம் உள்ள ஒரு பாறைமலைக்குப் பைக்கில் கிளம்பினேன். செயற்கைக்கோள் வரைபடத்தில் வீடோ வேலியோ வயலோ இல்லாமல் வெறும் பாறையாகத் தெரிந்த ஒரே காரணத்துக்காக அந்த மலையைத் தேர்ந்தெடுத்தேன். அடிவாரத்தில் ஒரு டீக்கடையில் வண்டியை விட்டுவிட்டு, ஊர்ப் பாதையைத் தவிர்த்துப் பக்கவாட்டில் ஏறினேன். ஏறும்போது அங்கங்கே வெள்ளையடித்து எண் எழுதிய கற்குவியல்கள் இருந்தன. யாரோ வேண்டுதலுக்கு அடுக்கியவை என்று எண்ணிக்கொண்டு கடந்து போனேன். மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான், கருங்கல்லில் கூடாரத்தின் முளைகள் இறங்கா என்பதே உறைத்தது. நான்கு மூலையிலும் கல்லைத் தூக்கி வைத்து ஒருவாறு நிறுத்தினேன். அடுப்பு கையிலிருந்தும், காணொளியில் பார்த்த ஆசையில், சுள்ளிகளைப் பொறுக்கித் தீ மூட்டிக் குளிர் காய்ந்தேன்.

ஒன்பதரை மணி இருக்கும். கீழேயிருந்து மூன்று டார்ச் வெளிச்சங்கள் ஏறி வந்தன. "யாரு நீவு, இல்லி ஏன் மாட்தா இத்தீரா?" (யார் நீங்கள், இங்கே என்ன செய்கிறீர்கள்?) என்ற குரல் கேட்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வந்தவர்கள் ஒரு வனக்காவலரும் இரண்டு காவல் ஊழியர்களும். நான் மூட்டிய தீ பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்திருக்கிறது. காட்டுத்தீ என்று எண்ணி, இருட்டில் அந்தப் பாறையில் ஏறி வந்திருக்கிறார்கள். அவர்கள் என்னை அடிக்கவோ வசைபாடவோ இல்லை. தீயை அணைத்து, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்து, மிச்சமிருந்த என் தண்ணீரை அதன்மேல் ஊற்றிய பிறகு, நான் இருந்த இடத்துக்கு நூறடி தள்ளியிருந்த பாறையிடுக்கைக் காட்டி, அது கரடி வந்துபோகும் இடம் என்று சொன்னார்கள். இரவோடு இரவாகக் கீழே இறக்கி, விடியும்வரை அலுவலகத்தில் உட்கார வைத்து, வாக்குமூலம் எழுதி வாங்கி, ரசீதோடு 3,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். "உன்னைக் கரடி கிழித்திருந்தால் உன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?" என்று அந்தக் காவலர் அரைகுறைத் தமிழில் கேட்டபோது அபராதத்தைவிட அதுதான் சுட்டது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த இரவிலிருந்து கற்றதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெங்களூருவைச் சுற்றியுள்ள பாறைமலைகளில் பல, வெளியிலிருந்து பார்க்க மொட்டைப் பாறையாகவே தெரிந்தாலும், ஆவணத்தில் காடுதான். மரம் இல்லை என்பதால் அது காடு இல்லை என்று ஆகிவிடாது. கர்நாடக வனச் சட்டம், 1963, காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவதையும் தீ மூட்டுவதையும் குற்றமாக்குகிறது. காவிரி வனவிலங்கு சரணாலயம் போன்ற இடங்களில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்வதால் நிலைமை இன்னும் கடுமை. நான் வேண்டுதல் என்று நினைத்த அந்த எண்ணிட்ட கற்குவியல்கள் வனத்துறையின் எல்லைக் குறிகள். யானை அகழியும், புல்லைச் செதுக்கி நீளமாக விட்டிருக்கும் தீத்தடுப்புக் கோடும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. பலகை ஊர்ப் பாதையில்தான் இருக்கும், பக்கவாட்டில் ஏறுகிறவனுக்குக் கண்ணில் படாது. அதனால் பலகையைப் பார்க்கவில்லை என்பது ஒரு பதிலே ஆகாது. கன்னடம் படிக்கத் தெரியாதவர்கள் 'மீசலு அரண்ய' (காப்புக்காடு), 'ராஜ்ய அரண்ய' (மாநிலக் காடு), 'பிரவேச நிஷேத' (நுழையத் தடை) ஆகிய மூன்று தொடர்களின் எழுத்து வடிவத்தையாவது கைப்பேசியில் படமாக வைத்துக்கொள்வது நல்லது. மலைமேல் கோட்டை இருந்தால் தொல்லியல் துறையும் ஒரு தரப்பாகிவிடும். அவர்கள் பாதுகாப்பில் உள்ள இடங்களில் பொழுது சாய்ந்த பிறகு இருக்கவே கூடாது.

தீயைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். பிப்ரவரியிலிருந்து மே வரை இந்தப் பக்கத்துக் காடுகளில் புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது, எங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில்லாத இடத்தில் நடந்தது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்து உச்சுக்கொட்டிய நானே சுள்ளி பொறுக்கித் தீ வைத்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அதன்பின் நான் வெளியில் விறகுத் தீ மூட்டியதே இல்லை. அடுப்புகூடப் புல்லில்லாத தரையில்தான்.

காட்டுக்குள் போனதுதானே தவறு, காடல்லாத அரசு நிலத்தைத் தேடினால் ஆயிற்று என்று அடுத்துக் கிளம்பினேன். இங்கே ஒரு பயனுள்ள கருவியைச் சொல்ல வேண்டும். கர்நாடக அரசின் திஷாங்க் என்ற செயலி, நாம் நிற்கும் இடத்தின் சர்வே எண், ஊர், ஹோப்ளி, தாலூகா ஆகியவற்றைக் காட்டும். ஹோப்ளி என்பது நம் ஊர்ப் பக்கம் பிர்க்கா என்கிறோமே, ஏறத்தாழ அது. அந்தச் சர்வே எண்ணை வைத்துப் பூமி இணையதளத்தில் பஹணியைப் பார்க்கலாம். நமக்குச் சிட்டா, அடங்கல் எப்படியோ அப்படி இவர்களுக்குப் பஹணி. உரிமையாளர் என்ற இடத்தில் 'சர்க்காரி கோமாள' என்று இருந்தால் அது அரசின் மேய்ச்சல் நிலம். 'பி கராப்' என்று இருந்தால் பாதை, ஓடை, குளம் போன்ற பொதுப் பயன்பாட்டு நிலம். கோலார் மாவட்டத்தில் ஓர் ஏரியை ஒட்டிய கோமாளத்தை இப்படிக் கண்டுபிடித்துவிட்டு, ஏதோ பத்திரமே என் பெயரில் இருப்பதுபோன்ற மிதப்பில் இருட்டும் நேரத்தில் போய்க் கூடாரம் அடித்தேன். இருட்டும் நேரத்தில் போனதுதான் பெரிய பிழை. யார் கண்ணிலும் படக்கூடாது என்று நானே தேர்ந்தெடுத்த நேரம் அது.

பதினொரு மணிக்குக் கம்புகளோடு எட்டுப் பேர் சூழ்ந்துவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டி, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கும் அயலான், போன வாரம் பட்டியிலிருந்து திருடுபோன நான்கு ஆடுகள். இந்த மூன்றையும் சேர்த்து அவர்கள் கணக்குப் போட்டதில் தவறு சொல்ல முடியாது. ஒருவர் கூடாரத்தைப் பிடித்து இழுத்ததில் அதன் கம்பி ஒன்று முறிந்தது. என் கன்னடம் அந்த அவசரத்துக்குப் போதவில்லை. நல்லவேளை, கோலார்ப் பக்கத்து ஊர்களில் தெலுங்கு தாராளமாகப் புழங்குகிறது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்குதான் என்பதால் எனக்கும் அது ஓரளவு வரும். அந்தத் தெலுங்கைக் கேட்டதும் குரல்கள் இறங்கின. அலுவலக அடையாள அட்டையைக் காட்டினேன், பையைக் கொட்டிக் காட்டினேன். கடைசியில் ஒரு பெரியவர் சொன்னார்: "ஐந்து மணிக்கு ஊருக்குள் வந்து ஒரு டீ குடித்துவிட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தால், பள்ளிக்கூடத் திண்ணையையே கொடுத்திருப்போமே. ஒளிந்து படுத்தவனை நாங்கள் என்னவென்று நினைப்பது?" மீதி இரவை அந்தத் திண்ணையில்தான் கழித்தேன். பயத்தில் கை நடுக்கம் நிற்கவே வெகுநேரம் ஆயிற்று. புதுக் கம்பிக்கு 850 ரூபாய் ஆனது.

இரண்டு முறை சூடுபட்ட பூனையாக, இனிப் பணம் கொடுத்தே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். 'அரசு அனுமதி பெற்ற அணைக்கரை முகாம்' என்று விளம்பரம் செய்திருந்த ஒரு நிறுவனத்துக்கு இரண்டு இரவுக்கு 3,600 ரூபாய் அனுப்பினேன். போய்ப் பார்த்தால் ஐம்பது கூடாரங்கள், ஜெனரேட்டர், காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி. நள்ளிரவில் போலீசார் வந்து, அந்த இடம் நீர்ப்பாசனத் துறையின் நீர்ப்பிடிப்பு நிலம், அனுமதி ஏதும் இல்லை என்று அத்தனை பேரையும் கிளப்பிவிட்டார்கள். நடத்தியவர்கள் அதற்கு முன்பே காணாமல் போய்விட்டார்கள். பணம் திரும்ப வரவில்லை. இத்தகைய விளம்பரங்களைப் பார்த்துப் போகிறவர்கள், பணம் அனுப்புமுன் இடத்தின் சர்வே எண்ணையும், அனுமதிக் கடிதத்தின் படியையும் கேட்க வேண்டும். சர்வே எண்ணைச் சொல்லத் தயங்கும் ஆளுக்கு ஒரு ரூபாயும் கொடுக்கக்கூடாது. தனியார் தோட்டம் என்று சொன்னால் பஹணியில் உள்ள பெயரையும் பணம் போகும் கணக்கின் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அபராதம், கம்பி, முகாம் என்று மட்டும் 7,450 ரூபாய் போயிற்று. சாமான்களை விற்றுவிடலாம் என்று அலுவலகத்தில் கேட்டபோதுதான், கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த ஓர் அண்ணன், என்ன ஏது என்று விசாரித்தார். 2001இல் சுரங்கம் மூடிய பிறகு தினமும் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்கு வந்துபோகும் ஏராளமான தங்கவயல் தமிழர்களில் அவரும் ஒருவர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அவருக்கு ஒன்றுபோல வரும். நான் சொல்லி முடித்ததும் அவர் சிரிக்கவில்லை. "தம்பி, நீ நிலத்தைத்தான் தேடியிருக்கே, ஆளைத் தேடவே இல்லையே" என்றார். அவர் சொல்லிக்கொடுத்த முறையைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன்.

முதலில் வீட்டிலேயே இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தைப் பார்க்க வேண்டும். காப்புக்காட்டின் எல்லை அதில் இருக்கும். அது தெரிந்தால் பாதி மலைகளை அங்கேயே கழித்துவிடலாம். மீதிக்கு முன்பு சொன்ன திஷாங்க், பஹணி. அதன்பிறகு, சாமான் எதுவும் இல்லாமல் பகலில் ஒருமுறை போய்வர வேண்டும். இதைப் பெட்ரோல் வீண் என்று நினைத்து நான் தவிர்த்து வந்தேன்; 300 ரூபாய்ப் பெட்ரோலை மிச்சம் பிடித்து ஆயிரக்கணக்கில் இழந்தேன். ஊருக்குள் யாரைக் கேட்பது என்பதற்கு அவர் காட்டிய இடம்தான் எனக்குப் பெரிய வியப்பு: பால் டெய்ரி. கர்நாடகத்துக் கிராமங்களில் பால் கூட்டுறவுச் சங்கம் பெரும்பாலும் இருக்கும். காலையிலும் மாலையிலும் மாடு வைத்திருக்கும் வீடுகள் அத்தனையும் அங்கே வரும். அங்கே நின்று, நான் இன்னார், இன்ன நாள் ஓரிரவு தங்க விரும்புகிறேன் என்று ஒருமுறை சொன்னால், இருட்டுவதற்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். கோமாளமாக இருந்தாலும் அங்கே மாடு மேய்ப்பவர்களின் வாய்ச்சொல் அனுமதிதான் இரவில் நம்மைக் காக்கும். ஆனால் அது சட்டப்படியான அனுமதி ஆகிவிடாது. வருவாய்த்துறையினர் வந்து எழுந்து போ என்றால் போகத்தான் வேண்டும்.

அதனால் இப்போதெல்லாம் நான் கோமாளத்தையும் தேடுவதில்லை. அரசு நிலத்தில்தான் தங்க வேண்டும் என்று ஆசைப்படுவோருக்கு நேர்மையான வழி, அரசே நடத்தும் இடங்கள்தான். காவிரிக் கரையில் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமாகலி ஆகிய இடங்களில் மாநில அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் முகாம்கள் வைத்திருக்கிறது. மலிவு அல்ல, ஆனால் நள்ளிரவில் எவரும் எழுப்பமாட்டார்கள். வனத்துறையின் மலையேற்றத் தடங்களுக்கு இணையத்தில் முன்பதிவு உண்டு. 2024 ஜனவரியில் குமார பர்வதத்தில் கூட்டம் அளவு மீறிச் சேர்ந்த பிறகு முன்பதிவு இல்லாத மலையேற்றங்களை அரசு நிறுத்தியது. ஆனால் அந்த முன்பதிவுச் சீட்டு பொதுவாகப் பகலில் ஏறி இறங்குவதற்கே. அதைக் கூடாரத்துக்கான அனுமதி என்று நினைத்துப் போய் ஏமாந்தவர்களைப் பின்னர் சந்தித்திருக்கிறேன். இவை ஒத்துவராதபோது விவசாயியின் நிலம். அறுவடை முடிந்த கேழ்வரகு வயல் எந்த மலையுச்சிக்கும் குறைந்ததல்ல, முளையும் இறங்கும்.

இடத்தின் தன்மை பற்றியும் இரண்டு வார்த்தை. ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழை திடீரென்று வரும்; திறந்த பாறையில் நின்றால் மின்னலுக்கு நாம்தான் உயரமான பொருள். அக்டோபர், நவம்பரில் இந்தக் கிழக்குப் பக்க மாவட்டங்களிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும், ஏரிக்குள் வறண்டிருக்கும் பகுதியில் படுக்கவே கூடாது. பாறைச்சரிவில் மலைத்தேனீ அடை தொங்குகிறதா என்று பகலிலேயே அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். புகை அதற்கு ஆகாது. ஜனவரியில் பனி கூடாரத்தின் உட்புறம்வரை நனைத்துவிடும். சிறுத்தை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இருக்கிறது, ஆனால் உணவு மிச்சத்தைத் திறந்து வைப்பதுதான் நாயையும் கரடியையும் அவற்றின் பின்னால் சிறுத்தையையும் இழுத்து வரும்.

போன ஜனவரியில், மாகடிப் பக்கம் ஒரு விவசாயியிடம் இப்படிக் கேட்டு இடம் வாங்கினேன். பால் டெய்ரியில் பார்த்துப் பேசி, மறுவாரம் போனேன். ஓரிரவுக்கு 300 ரூபாய் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றவர் பிறகு வாங்கிக்கொண்டார். தீ கூடாது, புளியமரத்தடியில் படுக்கக்கூடாது, வண்டி தன் வீட்டு முற்றத்தில்தான் நிற்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் வைத்தார். மரத்தடி ஏன் கூடாது என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. மாட்டுக்கொட்டகைச் சுவரில் பால் கணக்கு எழுதியிருந்த இடத்துக்குக் கீழே, கரித்துண்டால் என் பெயரையும் வண்டி எண்ணையும் கைப்பேசி எண்ணையும் எழுதிக்கொண்டார். அன்று இரவு ஒருவரும் வரவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு அவரே வந்து, வைக்கோல் வண்டி வருகிறது, எழுந்து கூடாரத்தைப் பிரி என்றார்.